ரேடியோக்காரரின் அலமாரி

திங்கள், வீஸ்பாடன்

ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் என்றால் எல்லோருக்கும் ரேடியோதான் நினைவுக்கு வருகிறது. பிரௌன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த வெள்ளை ரேடியோ, கால்குலேட்டர், கடிகாரம், அவற்றின் சாயல் பிற்பாடு ஆப்பிள் கருவிகளில் தெரிந்தது என்ற கதை. படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. நான் வந்திருப்பது அவர் செய்த அறைக்கலன்களுக்காக: ஒரு சுவர் அலமாரி, ஒரு சாய்வு நாற்காலி, கூடவே சில சிறு மேசைகள். நாற்பது ஆண்டுக்கு மேல் பிரௌனில் சம்பளம் வாங்கியவர் ராம்ஸ். அறைக்கலன் அவருக்குக் கிளைத்தொழில். அந்தக் கிளைத்தொழிலில்தான் அவர் முழுதாக இருக்கிறார் என்பது என் கட்சி. இந்த வாரம் அதற்குச் சாட்சி தேடி அலையப் போகிறேன். அன்றன்று இரவு எழுதி ஏற்றிவிடுவேன்.

வீஸ்பாடனில் தொடங்குவதற்குக் காரணம், அவர் இங்கே 1932 மே 20 அன்று பிறந்தார். வெந்நீர் ஊற்றுகளின் ஊர் இது. ஊரின் நடுவில் கோக்புருன்னென் என்ற ஊற்றில் 66 டிகிரிச் சூட்டில் உப்புநீர் ஆவி பறக்க வழிகிறது. நோய் தீரக் குளிக்க வந்த பணக்காரர்களுக்காகக் கட்டிய மாளிகைகள், தூண்கள், சிலைகள், பூவேலைப்பாடுகள். 1865-இல் தஸ்தயேவ்ஸ்கி இந்த ஊர்ச் சூதாட்ட விடுதியில் கைப்பணத்தைத் தொலைத்துவிட்டுக் கடனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை அலங்காரத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் ஓர் அலங்காரம்கூட வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு வியப்பில்லை. திகட்டியிருக்கும்.

அவர் சொல்லும் காரணம் வேறு. அது அவருடைய தாத்தா. தச்சர், அதிலும் மரத்தின் மேற்பரப்பை இழைத்து மெருகேற்றுவதில் தேர்ந்தவர். பேரன் பட்டறையில் அவர் பக்கத்திலேயே திரிந்தான். மேற்பரப்பை மெருகேற்றுகிறவருக்கு எதையும் ஒளிக்க வழியில்லை. செதுக்கு வேலையில் ஒரு கீறலை இன்னோர் இலை வைத்து மறைத்துவிடலாம். மொட்டைப் பலகையில் மறைக்க முடியாது. ராம்ஸின் பொருள்களில் மூலைகள் ஏன் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்று கேட்பவர்கள் அந்தப் பட்டறையிலிருந்து தொடங்கலாம்.

போர் முடிந்து இரண்டே ஆண்டில், 1947-இல், பதினைந்து வயதில் வீஸ்பாடனின் தொழிற்கலைப் பள்ளியில் கட்டடக்கலையும் உள்ளரங்க வடிவமைப்பும் படிக்கச் சேர்ந்தார். நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுத் தச்சு கற்கப் போனார். திரும்பி வந்து 1953-இல் சிறப்புத் தேர்ச்சியோடு முடித்தார். அந்தப் பள்ளி பின்னாளில் ரைன்மைன் உயர்கல்வி நிலையத்தின் பகுதியாகிவிட்டது. மாணவர்கள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று கட்டடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

மாலையில் நேரோபெர்க் குன்றுக்கு ஏறும் ரயிலில் போனேன். ராம்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1888 முதல் ஓடுகிறது. பெட்டியை இழுக்க மின்சாரமும் இல்லை, நீராவியும் இல்லை. ஒரே கம்பியின் இரு முனையில் இரண்டு பெட்டிகள். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புகிறார்கள். கனம் கூடி அது இறங்கும்போது கீழே உள்ளதை மேலே இழுத்துவிடுகிறது. அடிவாரத்தில் தண்ணீரை இறக்கி மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். எப்படி வேலை செய்கிறது என்பது ஏறுகிற குழந்தைக்கும் தெரிகிறது. நாளை கெல்க்ஹைம்.

செவ்வாய், கெல்க்ஹைம்

சிறிய பதிவுதான். டௌனுஸ் மலைச்சரிவில் உள்ள ஊர். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஹ்யோக்ஸ்ட் வழியாகச் சிறு ரயில் ஏறி வர வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தச்சர்களின் ஊர். இன்றும் தன்னை மேசை நாற்காலி நகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. ராம்ஸ் தச்சு பழகியது இங்கேதான்.

பட்டறைத் தெரு ஒன்றையாவது பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். கண்ணில் பட்டவை பெரிய கண்ணாடிக் காட்சியறைகள். ஒன்றில் நுழைந்தேன். ஆள் புதைந்துபோகும் அளவுக்குப் பருத்த சோபாக்கள். பொத்தானை அழுத்தினால் காலை நீட்டிவிடும், முதுகை அமுக்கிவிடும். விற்பனையாளர் பெரியவர், பொறுமையானவர். ராம்ஸ் என்ற பெயரைச் சொன்னேன். "ஷேவர் செய்தவர்தானே?" என்றார். அவர் இந்த ஊரில்தான் தச்சு கற்றார் என்றதும் புருவத்தை உயர்த்தினார். பிறகு மறுபடியும் பொத்தான் சோபாவைக் காட்ட ஆரம்பித்தார்.

மலைமேல் பிரான்சிஸ்கன் மடம் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன்.

புதன், ஃபிராங்க்ஃபர்ட்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலையில் ஸீஸ்மாயர் தெரு. பூங்காவை ஒட்டிய அமைதியான பகுதியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்காக 1950-களில் எழுப்பிய கட்டடம் நிற்கிறது. தட்டையான கூரை, ஒரே சீரான சன்னல் வரிசை. அமெரிக்காவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்துக்காக கோர்டன் பன்ஷாஃப்ட் வடிவமைக்க, உள்ளூரில் துணை நின்றவர் ஓட்டோ ஆப்பெல். பள்ளியை முடித்த ராம்ஸ் 1953-இல் சேர்ந்தது இந்த ஆப்பெலின் அலுவலகத்தில். இரண்டு ஆண்டு அங்கே இருந்தார். ஒரு கட்டடத்தை ஒரே அளவுள்ள பாகங்களாகப் பிரித்துத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் முறை அமெரிக்கர்களோடு வந்தது. தாத்தாவின் பட்டறையும் இந்த அலுவலகமும் அவருக்குள் ஒன்றுசேர்ந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அலமாரிக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

அலுவலகத் தோழர் ஒருவர் செய்தித்தாளில் வேலை விளம்பரம் பார்த்துச் சொல்ல, 1955-இல் பிரௌனுக்கு விண்ணப்பித்தார். மாக்ஸ் பிரௌன் 1921-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கிய நிறுவனம் அது. 1951-இல் அவர் திடீரென்று இறந்துபோக, மகன்கள் எர்வினும் ஆர்த்தரும் பொறுப்பேற்றிருந்தார்கள். இருவரும் இளைஞர்கள். அன்றைய ரேடியோ என்றால் பளபளக்கும் மரப்பெட்டி, தங்க நிறக் கம்பி, துணி போர்த்திய முகப்பு. அதை மாற்ற வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் முடிவெடுத்திருந்தார்கள். ராம்ஸை எடுத்தது கட்டடக் கலைஞராக. அலுவலக அறைகளையும் காட்சியறைகளையும் ஒழுங்குசெய்ய. ரேடியோ வரைவது அவருடைய வேலையாகவே இருக்கவில்லை. சேர்ந்த ஆண்டிலேயே பிரௌன் காட்சியறைக்கு அவர் வரைந்த ஒரு படத்தில் சுவரில் நிமிர்ந்த பட்டைகள், அவற்றில் தொங்கும் தட்டுகள். ரேடியோவுக்கு முன்பே அலமாரி வந்துவிட்டது. என் கட்சிக்கு முதல் சாட்சி.

மதியம் மைன் ஆற்றங்கரை. ஷௌமைன்காய் சாலையில் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 1985-இல் திறந்த வெள்ளைக் கட்டடம். ராம்ஸ் தம்பதியின் அறக்கட்டளை ஆவணங்கள் இங்கே பாதுகாப்பில் உள்ளன. அவருக்கென்று தனி இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எதிர்பார்த்தபடி கூட்டம் ரேடியோக்கள் முன்னால். எனக்கு அந்த அலமாரி போதும். 606 என்று பெயர். 1960-இல் வடிவமைத்தது. அது எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், படங்களில் புரியாது. சுவரில் நெடுக்காக அலுமினியப் பட்டைகளைத் திருகாணியால் இறுக்குகிறார்கள். பட்டையில் ஒரே இடைவெளியில் துளைகள். தட்டு என்பது மடித்த எஃகுத் தகடு, மேலே பவுடர் கோட்டிங். தட்டின் ஓரத்தைப் பட்டையோடு பொருத்தி ஒரு சிறிய அலுமினிய முளையைச் செருகினால் முடிந்தது. கருவி எதுவும் வேண்டாம். தட்டின் மேல் ஏறும் கனமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுப்பறைப் பெட்டி, எழுதும் பலகை எல்லாமே அதே துளைகளில் தொங்குகின்றன. சுவர் பலமில்லாததா? தரைக்கும் கூரைக்கும் நடுவே தூண்களை நெருக்கி நிறுத்தி அவற்றில் மாட்டிக்கொள்ளலாம். வீடு மாறும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகலாம். பெரிய வீடானால் இரண்டு பட்டை கூட வாங்கலாம்.

நம் ஊர் மளிகைக் கடைகளிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் துளை போட்ட இரும்புச் சட்டத்தில் நட்டு போல்ட் முடுக்கி நிறுத்துகிற ராக்குகள் உண்டு. கேட்டால் ஒரு தட்டை இறக்குவான், ஒரு தட்டை ஏற்றுவான். 606-ஐ அதன் கௌரவமான உறவுக்காரன் என்று சொல்லலாம். வித்தியாசம், இதில் முடுக்கிய தடயம் எதுவும் கண்ணில் படாது, கையில் கிழிக்காது.

இது வந்த காலத்தையும் நினைக்க வேண்டும். குண்டுவீச்சில் இடிந்த நகரங்களில் அவசர அவசரமாகக் கட்டிய சின்னச் சின்ன அடுக்குமாடி வீடுகள். மக்கள் அதற்குள் திணித்ததோ பழைய பாணியில் உருண்டு திரண்ட, மினுமினுக்கும் அலமாரிகள். ஜெர்மானியர்களே அந்தப் பாணிக்குக் கேலியாக வைத்த பெயர் 'கெல்சென்கிர்ஷன் பரோக்', ஒரு சுரங்கத் தொழில் நகரத்தின் பெயரால். அறையில் பாதி இடம் அலமாரிக்குப் போய்விடும். ராம்ஸ் தரையை விட்டுவிட்டுச் சுவரை எடுத்துக்கொண்டார். பிறகு பிரௌனுக்கும் அதே யோசனை போனது. 1960-களின் நடுவில் அவர் செய்த ஒலிக்கருவித் தொகுதி சுவரில் மாட்டக்கூடியது: வானொலி ஒரு பெட்டி, ஒலிநாடா ஒரு பெட்டி, ஒலிபெருக்கி ஒரு பெட்டி. அலமாரியிடம் ரேடியோ பாடம் படித்தது.

அருங்காட்சியகத்தில் என்னைச் சற்றே சங்கடப்படுத்திய ஒன்று. அந்தக் கருவிகள் எல்லாம் கண்ணாடிக்குள் கிடக்கின்றன. பிரௌன் ஒலிக்கருவிகள் செய்வதையே 1990-களின் தொடக்கத்தில் கைவிட்டது. அவற்றுக்கு வால்வு கிடைக்காது, ஒலிநாடா கிடைக்காது, பழுது பார்க்கிறவரும் அரிது. பக்கத்தில் நிற்கும் 606-ஐ மட்டும் இன்றும் ஆர்டர் கொடுத்து வாங்கலாம். 1960-களில் வாங்கியவர் இன்று ஒரு தட்டு கூட வாங்கினால் பழைய பட்டையில் பொருந்தும். ஒரே மனிதர் செய்த இரண்டு வகைப் பொருள்களில் எது பிழைத்திருக்கிறது?

வியாழன், எஷ்போர்னும் க்ரோன்பெர்க்கும்

எஸ்-4 புறநகர் ரயில் க்ரோன்பெர்க்கில் முடிகிறது, வழியில் எஷ்போர்ன். முதலில் அங்கே இறங்கினேன்.

ராம்ஸின் அறைக்கலன் கதைக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் ஓட்டோ ட்ஸாப்ஃப். இன்னொருவர் ஜெர்மனியில் அறைக்கலன் வியாபாரம் செய்துவந்த டென்மார்க்காரர் நீல்ஸ் விட்ஸூ. ட்ஸாப்ஃபோடு சேர்ந்து ராம்ஸ் 1957-இல் ஒரு பெட்டித் தொகுதியை வரைந்திருந்தார். இருவர் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் சேர்த்து ஆர்இஸட் 57 என்று பெயர். விட்ஸூவை ராம்ஸிடம் அழைத்து வந்ததும் ட்ஸாப்ஃப்தான். 1959-இல் விட்ஸூ-ட்ஸாப்ஃப் நிறுவனம் எஷ்போர்னில் தொடங்கியது. 606 அலமாரியைச் செய்து விற்றது இதுதான். ராம்ஸ் பிரௌன் ஊழியர். வெளியே வேலை செய்ய முதலாளி சம்மதிக்க வேண்டும். எர்வின் பிரௌன் தயங்காமல் சரி என்றார். கணக்கு தெளிவானது: புது மாதிரி மேசை நாற்காலி வாங்குகிறவர் அதன் மேல் வைக்கப் புது மாதிரி ரேடியோவும் வாங்குவார். இன்றைய நிறுவனங்கள் ஊழியரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்களை நினைத்துப் பார்த்தேன். அப்படியொரு முதலாளி இன்று கிடைப்பாரா?

எஷ்போர்னில் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள். ஜெர்மன் பங்குச்சந்தை நிறுவனம் 2010-இல் இங்கே குடிவந்தது. அறைக்கலன் நிறுவனத்தின் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. காபி குடித்துவிட்டு ராம்ஸின் ஒரு நாற்காலி மேல் நடந்த வழக்கைப் பற்றி எழுதத் தொடங்கினேன்.

620 என்ற சாய்வு நாற்காலியை ராம்ஸ் 1962-இல் வடிவமைத்தார். கண்ணாடியிழை ஓட்டுக்குள் தோல் மெத்தை, அடியில் ஸ்பிரிங். முதுகு உயரமாகவும் வாங்கலாம், தாழ்வாகவும் வாங்கலாம். பின்னர் மனம் மாறினால் முதுகை மட்டும் மாற்றலாம். இதன் சாமர்த்தியம் கைப்பிடியில் இருக்கிறது. இரண்டு நாற்காலிகளின் உள்பக்கக் கைகளைக் கழற்றிவிட்டு இருக்கைகளைப் பக்கம் பக்கமாகத் திருகினால் சோபா. மூன்று, நான்கு என்று நீட்டிக்கொண்டே போகலாம். விருந்தினர் போனதும் பிரித்து மறுபடி தனி நாற்காலியாக்கலாம். கீழே சக்கரம் வேண்டுமா, சுழலும் தாங்கி வேண்டுமா, அதுவும் நம் விருப்பம்.

1968-இல் ஒருவர் இதை அப்படியே நகலெடுத்து விற்றார். விட்ஸூ வழக்கு போட்டார். பொதுவாக ஒரு பயன்பாட்டுப் பொருளின் வடிவத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறுகிய காலத்துக்குத்தான். பதிப்புரிமை என்றால் படைத்தவர் இறந்த பிறகும் ஜெர்மன் சட்டப்படி எழுபது ஆண்டு நீளும். அது ஓவியத்துக்கும் கவிதைக்கும் உள்ளது. நாற்காலிக்கு அதைக் கொடுக்க வேண்டுமானால் இது படைப்பாளியின் ஆளுமை வெளிப்படும் கலைப்படைப்பு என்று நிறுவ வேண்டும். 1973-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நாற்காலிகளுக்கு மிக அரிதாகக் கிடைக்கும் தீர்ப்பு.

எனக்கு இதில் சிரிப்பு வருகிறது. பொருள் நல்ல வேலைக்காரரைப்போலத் தேவைப்படும்போது வந்து நிற்க வேண்டும், மற்ற நேரத்தில் கண்ணில் படக்கூடாது என்பது பிரௌன் வட்டாரத்தின் வேதவாக்கு. ராம்ஸ் வாழ்நாள் முழுதும் தன்னை அழித்துக்கொள்கிற பொருளைச் செய்யப் பார்த்தார். அதைக் காப்பாற்றுவதற்கு வக்கீல்கள் எழுந்து நின்று, இதில் முழுக்க முழுக்க இந்த மனிதர்தான் தெரிகிறார் என்று வாதாட வேண்டியிருந்தது. நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஒன்றுமில்லாததுபோல் ஒன்றைச் செய்ய எல்லோராலும் முடியாது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1969-இல், ட்ஸாப்ஃப் பிரிந்து போனார். பின்னர் அமெரிக்காவின் நோல் நிறுவனத்துக்கு அலுவலக மேசைத் தொகுதி வடிவமைத்துப் பெயர் வாங்கினார். நிறுவனத்தின் பெயரில் விட்ஸூ மட்டும் மிஞ்சியது.

மாலை க்ரோன்பெர்க். கோட்டை, சரிந்த கூரை வீடுகள், மேட்டுத் தெருக்கள். ஜெர்மனியின் பணக்கார ஊர்களில் ஒன்று, நடந்து போகும்போதே தெரிகிறது. பிரௌன் 1960-களின் பிற்பாதியில் இங்கே இடம் மாறியது. 1967-இல் அமெரிக்காவின் ஜில்லெட் பெரும்பங்கை வாங்கிவிட்டது. ராம்ஸ் 1961 முதல் 1995 வரை வடிவமைப்புத் துறைக்குத் தலைவர், 1997-இல் ஓய்வு. முப்பத்து நான்கு ஆண்டு ஒரு துறையை நடத்துவது வரைகிற வேலையைவிடக் கூட்டத்தில் உட்காரும் வேலைதான். அதோடு 1981 முதல் ஹாம்பர்க்கில் பேராசிரியர்.

அவர் 1971-இல் கட்டிக்கொண்ட வீடும் இந்த ஊரில்தான். தெருப் பெயரை எழுதப் போவதில்லை; வாசலில் போய் நிற்கவும் இல்லை. எதிர்ச் சரிவிலிருந்து தட்டைக் கூரைகளைப் பார்த்ததோடு சரி. உள்ளே எப்படி என்று புகைப்படங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: வெள்ளைத் தரை ஓடு, சுவர் நிறைய 606, 620 நாற்காலிகள், வெளியே ஜப்பானியச் சாயலில் தோட்டம், அதில் நீச்சல் குளம். மனைவி இங்கெபோர்க் புகைப்படக் கலைஞர். தான் செய்ததோடு தானே ஐம்பது ஆண்டு குடித்தனம் நடத்திப் பார்த்த வடிவமைப்பாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

வெள்ளி, ஃபிராங்க்ஃபர்ட்டில் மழை

எங்கும் போகவில்லை. நான் தங்கியிருப்பது சித்தி மகளின் வீடு. அவளுடைய புத்தக அலமாரி அட்டைப்பெட்டியில் பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் வகை. லேசாகத் தொட்டாலே ஆடுகிறது.

"மூன்றாவது வீட்டுக்கு வந்திருக்கிறது அக்கா. ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பூட்டப் பூட்ட ஓட்டை பெரிதாகிவிடுகிறது. அடுத்த வீட்டுக்கு இதைக் கொண்டுபோக மாட்டேன்" என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகாணி ஒருமுறை கடித்த இடத்தில் மறுமுறை பிடிப்பு இருக்காது. வாங்கும்போது மலிவு, மூன்று வீட்டுக்குப் பிறகு குப்பை.

அவளிடம் 606 பற்றி இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று விலையைத் தேடிப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேராகத் திரையைத் திருப்பினாள். ஒரு சுவரை நிரப்ப ஆயிரக்கணக்கான யூரோ. 620 நாற்காலி ஒன்றின் விலையும் அந்தக் கணக்கில்தான்.

"எல்லோருக்குமான வடிவமைப்பு என்று சொன்னீர்களே, அக்கா?"

பதில் சொல்ல எளிதாக இல்லை. விட்ஸூ தரப்பு சொல்லக்கூடியது எனக்குத் தெரியும்: ஐம்பது ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு வகுத்துப் பாருங்கள். முதல் மாதமே அந்தப் பணத்தைப் புரட்ட முடியாதவருக்கு வகுத்தல் உதவாது. நல்ல வடிவமைப்புக்கு ராம்ஸ் பத்து விதிகள் வகுத்திருக்கிறார். நீடித்து உழைக்க வேண்டும், நேர்மையாக இருக்க வேண்டும், சுற்றுச்சூழலைக் கெடுக்கக் கூடாது, முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்றெல்லாம். கைக்கெட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பத்தில் கிடையாது. ரசிகர்கள் இதைப் பேசுவதில்லை.

அதே சமயம் விலைக்குப் பின்னால் உள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொரு புது மாடல் என்று விரட்டும் விற்பனைத் துறை அந்தச் சிறிய நிறுவனத்தில் இல்லை. பிரௌனில் இருந்தது, ஜில்லெட் வந்த பிறகு கூடியிருக்கும். அலமாரியை அறுபது ஆண்டு மாற்றாமல் விற்க ஒரு பிடிவாதம் வேண்டும். ஜெர்மனியில் வியாபாரம் தேய்ந்து, 1995-இல் உற்பத்தியை இங்கிலாந்துக்கு மாற்றிய பிறகும் அந்தப் பிடிவாதம் தொடர்ந்தது. 2013-இல் 620-இன் உள்பாகங்களை மீண்டும் பொறியியல் ரீதியாகச் சீர்செய்து விட்டார்கள், வெளித்தோற்றம் அதேதான். 2017 முதல் லெமிங்டன் ஸ்பா ஊரில் சொந்தத் தொழிற்கூடம்.

முதுமையில் ராம்ஸ் சொன்ன ஒன்று எனக்குப் பிடிக்கும்: மறுபடி வாழ்க்கை கிடைத்தால் வடிவமைப்பாளர் ஆக மாட்டேன், உலகத்தில் தேவையில்லாத பொருள்கள் மிதமிஞ்சிவிட்டன என்றார். சலிப்பில் சொன்னதாகப் பலர் எழுதினார்கள். பத்து வகை ஷேவர் வெளியிட்ட நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சொல்லும்போது அதில் கணக்குத் தெரிந்தவரின் குரல் இருக்கிறது.

சனி, உல்ம்

ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தேவாலயக் கோபுரம் 161.5 மீட்டர்; எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டாம் எண் டிராமில் ஏறிக் கூபெர்க் மேட்டுக்குப் போனேன்.

ராம்ஸ் உல்ம் வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. இங்கே மாணவராகவும் இருந்ததில்லை, ஆசிரியராகவும் இருந்ததில்லை. ஆனாலும் இந்தப் பள்ளி இல்லாமல் அவர் இல்லை. நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை வெளியிட்டதற்காக 1943-இல் கொல்லப்பட்ட ஹான்ஸ், ஸோஃபி ஷோல் ஆகியோரின் அக்கா இங்கெ ஷோல், தன் கணவர் ஓட்ல் ஐஷரோடும் சுவிஸ் கலைஞர் மாக்ஸ் பில்லோடும் சேர்ந்து தொடங்கிய பள்ளி. பில் வடிவமைத்த கட்டடம் 1955 அக்டோபரில் திறந்தது. பூசாத கான்கிரீட், நீளச் சன்னல், மேட்டின் சரிவையே பின்பற்றி இறங்கும் கூடங்கள். பக்கத்து மேட்டில் 1933 முதல் 1935 வரை நாஜிகள் வதைமுகாம் நடத்திய கோட்டை. நாட்டின் அன்றாடப் பொருள்களையே புதிதாகச் செய்யத் தொடங்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தக் கோட்டையைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தார்கள்.

பிரௌன் சகோதரர்கள் முதலில் உதவி கேட்டது இவர்களிடம். ஹான்ஸ் குகெலோட் வந்தார். இந்தோனேசியாவின் மக்காசரில் பிறந்த டச்சுக்காரர். ராம்ஸைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். 125 மில்லிமீட்டரை அடிப்படை அளவாக வைத்து அலமாரித் தொகுதி ஒன்றை அவர் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். 606-க்கு அண்ணன் உண்டு என்பதை ராம்ஸ் பக்தர்கள் மறந்துவிடக் கூடாது. 1956-இல் இருவரும் சேர்ந்து செய்த எஸ்கே 4 ரேடியோ-கிராமபோன்தான் ராம்ஸின் பெயரை வெளியே கொண்டுவந்தது. வெள்ளை உலோக உடல், இரு ஓரமும் மரம். மூடியை உலோகத்தில் செய்து பார்த்தார்கள். ஒலி கூடினால் அதிர்ந்து சத்தம் போட்டது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் மூடி போட்டதும் நின்றது. உள்ளே இருப்பது அப்படியே தெரிந்ததால் ஜனங்கள் 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகத்து கிராமபோன்கள் எல்லாம் அந்த மூடியைப் போட்டுக்கொண்டன.

குகெலோட் 1965-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து பாடத்திட்டம் வகுக்க உதவினார். அந்த ஆண்டே, நாற்பத்தைந்து வயதில் இறந்துபோனார். உல்மில் படித்துத் திரும்பிய சுதாகர் நட்கர்னிதான் பம்பாய் ஐஐடியில் தொழில் வடிவமைப்பு மையத்தை உருவாக்கியவர். உல்ம் பள்ளி 1968-இல் பணமில்லாமலும் உட்பூசலாலும் மூடப்பட்டது. இந்தியாவில் அதன் பாடம் தொடர்ந்தது.

கட்டடத்தில் இப்போது ஆவணக் காப்பகமும் கண்காட்சியும். உணவுக்கூடத்தில் வளைந்து நெளிந்து ஓடும் பார் மேடை இன்னும் இருக்கிறது. இத்தனை நேர்கோட்டுக்கு நடுவே அது ஒன்றுதான் ஆடுகிறது. கண்காட்சியில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு முக்காலி உயரப் பொருள், உல்ம் ஹோக்கர். 1954-இல் மாக்ஸ் பில், குகெலோட், பட்டறை ஆசிரியர் பவுல் ஹில்டிங்கர் மூவரும் மாணவர்களுக்காகச் செய்தது. மூன்று பலகை, விரல்களைக் கோத்ததுபோல மூலையில் இணைப்பு, கீழே ஓர் உருட்டுக் கம்பு. உட்காரலாம், சாய்த்துப் போட்டுத் தாழ்வாகவும் உட்காரலாம், மேசை மேல் வைத்தால் புத்தகம் வைத்துப் படிக்கலாம், அடுக்கினால் அலமாரி, கம்பைப் பிடித்துப் புத்தகங்களோடு தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போகலாம். காசில்லாத பள்ளி, ஆளுக்கொன்றுதான் கிடைக்கும். ராம்ஸின் அலமாரியில் நான் மெச்சுகிற எல்லாமே இதில் இருக்கிறது, எஃகும் வேண்டாம், சுவரும் வேண்டாம்.

புகைப்படம் எடுத்துச் சித்தி மகளுக்கு அனுப்பினேன். இன்றும் விற்கிறார்கள், விலை இருநூறு யூரோவைத் தாண்டுகிறது என்றும் எழுதினேன். உடனே பதில் வந்தது: "மூன்று பலகைக்கா? அளவெடுத்து வாருங்கள் அக்கா, ஊரில் நம் ஆசாரி ஒரே நாளில் முடித்துவிடுவார்."

வியாழக்கிழமைப் பதிவைப் படித்தாயா என்று கேட்டேன். மாக்ஸ் பில் இறந்தது 1994-இல். எழுபது ஆண்டுக் கணக்கு இதற்கும் பொருந்துமானால் ஆசாரி 2064 வரை பொறுத்திருக்க வேண்டும்.